மட்டாஞ்சேரியில் அண்டை அயல்

எர்ணாகுளத்தில் பல்லாண்டு வாழ்ந்தும் மட்டாஞ்சேரியை நிதானமாகப் பார்த்திராத தமிழ்க் குடும்பங்கள் நம்மிடையே அநேகம். ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களை அழைத்துச் சென்று, அரண்மனையையும் யூதர் தெருவையும் ஒரு மணி நேரத்தில் காட்டிவிட்டு, ஏலக்காயும் கிராம்பும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவது நம் வழக்கம். இம்முறை விருந்தினர் எவருமின்றி, சங்கத்தைச் சேர்ந்த நான்கு குடும்பங்களாகக் கூடி, காலை முதல் மாலை வரை அவ்வூரிலேயே இருப்பதென்று புறப்பட்டோம். 2025 அக்டோபர் முதல் வாட்டர் மெட்ரோப் படகு மட்டாஞ்சேரிக்கும் செல்வதால் பயணம் எளிதாகிவிட்டது. உயர்நீதிமன்றத்தின் அருகிலுள்ள துறையில் ஏறினால், குளிர்ந்த காற்றில் அமர்ந்து, காயலையும் கப்பல்களையும் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே போய், அரண்மனைக்கு அருகில் இறங்கிவிடலாம். கையை நீட்டித் தண்ணீரைத் தொடும் பழைய படகின் சுகம் இதில் இல்லை என்று எங்களுள் மூத்தவரான பெரியவர் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார்.

அப்பெரியவரின் மனக்குறை உண்மையில் படகைப் பற்றியதன்று. அவருடைய மகனும் மருமகளும் பதினைந்து ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு நகரத்தில் அடுக்குமாடி வீடொன்று வாங்கியிருக்கின்றனர். அவர்கள் வீட்டில் ஒன்பது வயது நாட்டு நாய் ஒன்று உண்டு, பெயர் மணி. சென்ற மாதம் அக்கட்டடத்தின் உரிமையாளர் சங்கத்திடமிருந்து அவர்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. விதிகளின்படி வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. ஆகவே ஒரு மாதத்துக்குள் நாயை அப்புறப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். படகில் இதைப் பற்றி நாலு விதமான பேச்சு எழுந்தது. வழக்குத் தொடுக்கலாம் என்றார் ஒருவர். நாயை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றார் மற்றொருவர். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறிடம் போய்விடலாமா என்பது மருமகளின் யோசனை. "நாம் வேற்று மொழிக்காரர்கள், நமக்கு எதற்கு வம்பு?" என்றார் மகன். இந்தக் கடைசிப் பேச்சுத்தான் எங்களை வெகு நேரம் சிந்திக்க வைத்தது. பிழைக்க வந்த ஊரில் உரிமையைக் கேட்கக் கூசுவதும், கூச்சம் எல்லை மீறியபின் ஒரேயடியாகச் சண்டைக்குக் கிளம்புவதும் நம்மவரிடம் உள்ள பழைய வழக்கம்.

சொற்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. தமிழில் அயலார் என்றால் நமக்குச் சொந்தமில்லாதவர் என்ற எண்ணமே முதலில் எழும். மலையாளத்திலோ அயல்க்காரன் என்றால் அடுத்த வீட்டுக்காரன். உறவுக்கு அடுத்தபடி உரிமையுள்ளவன். 1998இல் கேரள அரசு தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தில், அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்து முதல் இருபது பேர் கூடும் சிறு குழுவுக்கு அயல்க்கூட்டம் என்றே பெயர். அதுபோலவே பரதேசி என்னும் சொல் நமக்கு வசைமொழி. மட்டாஞ்சேரியிலோ வேற்று நாட்டிலிருந்து வந்தவர் என்பதே அதன் பொருள். அங்குள்ள யூத ஆலயத்துக்கே பரதேசி ஆலயம் என்றுதான் பெயர். வசையாகக் கேட்டுப் பழகிய சொல் ஒன்று ஓர் ஆலயத்தின் வாயிலில் மரியாதையாக நிற்பதைப் பார்ப்பது, புலம்பெயர்ந்து வாழும் நமக்கு ஒரு தனி அனுபவம்.

படகிலிருந்து இறங்கியதும் முதலில் கண்ணிற்படுவது அரண்மனை. ஏறக்குறைய 1555இல் போர்த்துகீசியர் இதைக் கட்டிக் கொச்சி மன்னர் வீரகேரளவர்மாவுக்கு அளித்தனர். 1663க்குப் பின் டச்சுக்காரர் பழுது பார்த்தமையால் டச்சு அரண்மனை என்ற பெயர் நிலைத்துவிட்டது. கட்டியவன் பெயர் மறைந்து செப்பனிட்டவன் பெயர் நின்ற கதை! இராமாயணச் சுவரோவியங்களைப் பற்றி முன்னரே பலர் எழுதியிருக்கின்றனர். நாங்கள் அவற்றைப் பார்த்துவிட்டு விரைவிலேயே வெளியே வந்தோம். நாங்கள் பார்க்க விரும்பியது ஒரு மதிலை.

அரண்மனையை ஒட்டிப் பழையன்னூர் பகவதி கோயில் இருக்கிறது. சிவனுக்கும் திருமாலுக்கும் தனித்தனிக் கோயில்களும் உண்டு. அரண்மனைக் கோயில் வளாகத்துக்கு அடுத்தாற்போல், மன்னர் அளித்த நிலத்தில், 1568இல் எழுந்தது பரதேசி யூத ஆலயம். இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரே மதில். நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக மதிலுக்கு இப்பால் விளக்கேற்றும் வழிபாடும், அப்பால் திருமறை ஓதும் வழிபாடும் இருந்துவந்திருக்கின்றன. 1662இல் யூத ஆலயத்துக்குச் சேதம் விளைவித்தவர்கள் கடல் கடந்து வந்த போர்த்துகீசியர். அடுத்த வீட்டுக்காரர்கள் அல்லர். ஆலயத்துள் செல்வோர் செருப்பைக் கழற்றிவிட்டே செல்ல வேண்டும். மற்ற நாட்டு யூத ஆலயங்களில் இவ்வழக்கம் பொதுவாக இல்லை. அக்கம்பக்கத்துக் கோயில் மரபு மதிலைத் தாண்டி வந்து சேர்ந்தது என்று அறிஞர் கருதுகின்றனர். உள்ளே தரையில் பதித்துள்ள நீல வண்ணச் சீன ஓடுகளின்மேல் வெறுங்காலுடன் நடக்கும் குளிர்ச்சியை அனுபவித்தவர்களுக்கு அவ்வழக்கத்தின் நன்மை விளங்கும்.

ஆலயத்தின் மணிக்கூண்டு 1760இல் எசக்கியேல் ரஹாபி என்னும் யூத வணிகரால் கட்டப்பெற்றது. அதன் முகங்களில் எபிரேய எண்களும், ரோம எண்களும், மலையாள எண்களும் காணப்படுகின்றன. கூண்டைக் கட்டியவர் தம் மக்களுக்கு மட்டும் மணி காட்டினால் போதும் என்று இருந்திருக்கலாம். தெருவில் போகிறவனுக்கும், அரண்மனையிலிருந்து எட்டிப் பார்க்கிறவனுக்கும் அவரவர் எண்ணிலேயே மணி தெரியட்டும் என்று நினைத்தார் போலும். நம் அடுக்குமாடிகளில் மின்தூக்கியின் பக்கத்தில் ஒட்டும் அறிவிப்புகளை எத்தனை பேர் படிக்கக்கூடிய மொழியில் எழுதுகிறார்கள் என்று எங்களுடன் வந்த அம்மையார் ஒருவர் கேட்டார். மணிக்கு வந்த அறிவிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. பெரியவருக்கு அதை மூன்று பேர் மூன்று விதமாகப் படித்துச் சொல்லியிருந்தனர்.

யூதர் தெருவின் வீடுகள், நம் பக்கத்துப் பழைய அக்கிரகாரம் போல, ஒன்றோடொன்று ஒட்டியவை. ஒரு வீட்டில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டில் ஓசை கேட்கும். 1948க்குப் பின் யூதர்களுள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடியேறிவிட்டனர். எஞ்சியிருந்தவர்களுள் சாரா கோஹன் என்னும் மூதாட்டி, பூத்தையல் செய்த துணிகளை விற்கும் சிறு கடையொன்றைத் தம் வீட்டிலேயே நடத்திவந்தார். 2019இல், தம் 96ஆம் வயதில் காலமானார். முதுமையில் அவருக்கும் அவர் கடைக்கும் துணை நின்றவர் தாஹா இப்ராஹிம் என்னும் முஸ்லிம் அன்பர். இளமையில் அத்தெருவில் சிறு வியாபாரம் செய்ய வந்த தாஹாவுக்குச் சரக்கை வைத்துக்கொள்ள இடம் கொடுத்தவர் சாராவின் கணவர். ஓரிடத்தில் மூட்டையை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்ன சிறிய உபகாரம் எவ்வளவு காலம் கடந்து எந்த வடிவில் திரும்பிவந்தது பாருங்கள்! மூதாட்டியின் மறைவுக்குப் பின்னரும் தாஹா அவ்விடத்தைப் பேணிவந்ததைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள்.

இவ்வளவு பல திறத்தவரான மக்கள் இவ்வளவு சிறிய பரப்பில் வாழும் ஊர்கள் குறைவு. கோவாவிலிருந்து வந்த கொங்கணியர், கச்சிலிருந்து வந்த மேமன்கள், குஜராத்தி வணிகர், தமிழ்ப் பிராமணர், மலையாளிகளுள் எல்லா மதத்தினர் என அவரவர்க்கு ஒரு மூலை உண்டு. ஒருவர் மீன் சமைக்கும் நேரத்தில் அடுத்தவர் பூசை செய்கிறார். கிடங்குகளில் சுக்கும் மிளகும் புடைக்கும்போது தெரு முழுவதும் தும்முகிறது. இவர்கள் எல்லாரும் எப்பொழுதும் தேனும் பாலுமாக இருந்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படி எந்த ஊரும் இருந்ததில்லை. அடுத்த வீட்டான் தன் வீட்டுக்குள் என்ன உண்கிறான், யாரை வணங்குகிறான் என்று கேளாமல் இருக்கவும், தன் வீட்டுப் புகையும் கழிவும் அவன் வாசலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளவும் நெருக்கமே அவர்களைப் பழக்கிவிட்டது என்று தோன்றுகிறது. சென்னை திருவல்லிக்கேணியில் ஒண்டுக் குடித்தனம் இருந்து, ஒரே கிணற்றையும் ஒரே கொடியையும் ஏழு குடும்பங்களாகப் பங்கிட்டவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நண்பகலுக்குச் சற்று முன் குஜராத்தி சாலைக்கு வந்தோம். அங்கே 1904இல் கட்டப்பெற்ற தர்மநாதர் சமணக் கோயிலில், நண்பகல் வேளையில் புறாக்களுக்குத் தானியம் இடுவார்கள். குறித்த நேரம் நெருங்கும்போதே கூரை முழுவதும் சாம்பல் நிறமாகிவிடுகிறது. தானியம் விழுந்தவுடன் நூற்றுக்கணக்கான புறாக்கள் வட்டமிட்டு இறங்குகின்றன. சிறிது நேரத்தில் தரை காலியாகிறது. எங்கள் குழந்தைகள் ஆளுக்கு ஒரு பிடி தானியம் இட்டு மகிழ்ந்தனர். கருணையே சமயமாகக் கொண்டவர்களும் அக்கருணைக்கு ஓர் இடமும் ஒரு வேளையும் வகுத்து வைத்திருப்பதைப் பெரியவர் வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அருகில் நிழலில் அமர்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்தபோதுதான் மணியின் வழக்கு மீண்டும் எழுந்தது. எங்களுடன் வந்த அன்பர் ஒருவர் வழக்கறிஞர். காலையில் எந்தக் கட்டடத்தின் அருகே படகு ஏறினோமோ, அந்த உயர்நீதிமன்றமே இவ்விஷயத்தில் தீர்ப்பு அளித்திருக்கிறது என்று அவர் சொன்னபோது எல்லாருக்கும் வியப்பு. 2021 ஜூனில் திருவனந்தபுரத்தை அடுத்த அடிமலைத்துறைக் கடற்கரையில் புரூணோ என்ற நாயைச் சிலர் அடித்துக் கொன்றனர். நீதிமன்றம் அதைத் தானாகவே வழக்காக எடுத்து, அந்த நாயின் பெயரையே வழக்குக்கு இட்டது. அவ்வழக்கோடு சேர்ந்து வந்த மனு ஒன்றில், அதே ஆண்டு நவம்பரில் நீதிபதிகள் ஏ. கே. ஜெயசங்கரன் நம்பியாரும் கோபிநாத்தும் தெளிவாகக் கூறிவிட்டனர்: குடியிருப்போர் தம் வீட்டில் பிராணிகளை வளர்க்கக்கூடாது என்று தடுக்கும் சங்க விதி சட்டப்படி செல்லாது. பெரும்பான்மையோர் கை தூக்கினாலும் அத்தகைய தடையை விதிக்க இயலாது என்று இந்தியப் பிராணிகள் நல வாரியமும் 2015லேயே வழிகாட்டியிருக்கிறது. மின்தூக்கியில் நாயை ஏற்றக்கூடாது என்று ஒரேயடியாகத் தடுப்பதும் அவ்வழிகாட்டுதலுக்கு மாறானது.

மகன் முகம் மலர்ந்தது. ஆனால் வழக்கறிஞர் அத்துடன் நிறுத்தவில்லை. வளர்க்கும் உரிமையைக் காத்த அதே தீர்ப்பு, பிறருக்குத் தொல்லை நேராவண்ணம் நியாயமான நிபந்தனைகளை விதிக்கச் சங்கங்களுக்கு இடம் தந்திருக்கிறது. நாய் வீட்டுக்குள் இருப்பது உங்கள் விஷயம். அதன் குரைப்பும், கழிவும், அச்சமும் கதவைத் தாண்டினால் அது எல்லாருடைய விஷயம் என்றார். மணிக்கு மாநகராட்சி உரிமம் இருக்கிறதா என்று அவர் கேட்டதற்கு மருமகள் மௌனமானார். கேரளத்தில் வளர்ப்பு நாய்க்கு உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று முதலில் வேண்டும். மணிக்கு ஊசி ஆண்டுதோறும் போடப்பட்டிருந்தது, உரிமம்தான் இல்லை. வெறிநோய் கண்டபின் உயிர் பிழைப்பது ஏறக்குறைய இல்லாத காரியம். ஆகவே நாயைக் கண்டு அஞ்சுகிற தாயின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடக்கூடாது. அடுத்த வீட்டார் கேளாமலே சான்றின் பிரதியைச் சங்கத்திடம் கொடுத்து வைப்பவர் பாதிச் சண்டையை வாசலிலேயே முடித்துவிடுகிறார்.

கொச்சி போன்ற ஊரில் இன்னுமொரு நுட்பம் இருக்கிறது. கேரள முஸ்லிம்களுள் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி முறைப்படி, நாயின் எச்சிலோ ஈரமோ உடலில் அல்லது உடையில் பட்டால் அதை ஏழு முறை கழுவ வேண்டும். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால். தொழுகைக்குப் புறப்பட்ட ஒருவர் மின்தூக்கியில் நிற்கும்போது மணி அன்போடு போய் அவர் வேட்டியை நக்கினால், அவர் படும் சங்கடம் நமக்குத் தெரியாது. அவரும் மரியாதைக்காகச் சொல்லமாட்டார். நம் பாட்டிமார் மடி உடுத்திக்கொண்டு நடந்த வழியில் நாம் குறுக்கே போகாமல் ஒதுங்கி நின்றதை நினைத்துக்கொண்டால் போதும். கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, "நீங்கள் முதலில் போங்கள், நான் அடுத்த முறை வருகிறேன்" என்று சொல்ல எவ்வளவு மலையாளம் வேண்டும்? மகனுக்கு அந்த வாக்கியம் தெரியும். ஏழு ஆண்டுகளாகச் சொன்னதில்லை.

தெரு நாய்களுக்குச் சோறு போடும் வழக்கம் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. பைரவருக்கு வாகனமானதால் புண்ணியம் என்று சிலர். வெறும் இரக்கத்தால் சிலர். 2023 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட பிராணிகள் கருத்தடை விதிகள், குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் மாடிப்படிக்கும் வாயிலுக்கும் அருகில் சோறு இடாமல், அவற்றுக்கு விலகிய ஓரிடத்தைக் குடியிருப்போர் சங்கமோ உள்ளாட்சியோ குறிக்க வேண்டும் என்கின்றன. குழந்தைகளும் முதியோரும் நடமாடாத நேரமாகவும் அது இருக்க வேண்டும். சோறிட்டவர் அவ்விடத்தை அசுத்தமாக விடக்கூடாது. தெருவில் கண்ட இடத்தில் சோறு இடலாகாது, அதற்கென்று வார்டுதோறும் இடம் ஒதுக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றமும் கூறியது. கண் முன்னே புறாக்கள் தின்று தீர்த்த வெற்றுத் தரை இருந்தது. இதைப் பற்றி எவரும் மேற்கொண்டு வாதிக்கவில்லை.

உணவுக்குப் பின், ஆட்டோவில் ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னும் பகுதிக்குச் சென்றோம். அங்கே இருக்கும் சலவைக்கூடத்தைத் தமிழர்கள் அனைவரும் ஒரு முறையேனும் காண வேண்டும். டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடுப்புகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து அழைத்து வரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இங்கே இன்றும் தொழில் செய்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர். முன்பு குளங்களில் துவைத்து வந்தவர்களுக்கு 1976இல் பெருங்கொச்சி வளர்ச்சிக் குழுமம் இக்கூடத்தைக் கட்டிக் கொடுத்தது. வரிசையாகத் தடுப்புகள், தடுப்புக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு துவைகல். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் பாத்தியதை. வெளியே பரந்த திடலில் துணிகள் காய்கின்றன. கொடியில் கவ்வி ஒன்றுகூட இல்லை. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, அம்முறுக்கின் இடுக்கில் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள். எந்தக் காற்றுக்கும் அது அசைவதில்லை. கஞ்சி போட்ட வேட்டிகளின் மணம் எங்கள் பெரியவரை ஐம்பது ஆண்டு பின்னே கொண்டுபோய்விட்டது.

கரி இஸ்திரிப் பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். இத்தனை குடும்பங்கள் இவ்வளவு நெருக்கமாகத் தொழில் செய்கிறீர்களே, தகராறு வருவதில்லையா என்று கேட்டோம்.

"வராமல் இருக்குமா, சாமி? என் கல்லில் அடிக்கிற தண்ணீர் பக்கத்துக் கல்லில் வெளுத்து வைத்த துணிமேல் தெறித்தால் வரும். தெறிக்கும் என்று தெரிந்தால் முன்னாலேயே ஒரு குரல் கொடுப்போம். அவர் துணியை நகர்த்திக்கொள்வார். அவர் என்ன துணி துவைக்கிறார் என்று நான் எட்டிப் பார்ப்பதில்லை" என்றார்.

மகனும் வழக்கறிஞரும் திடலின் ஓரத்தில் அமர்ந்து, உரிமையாளர் சங்கத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். தீர்ப்பைப் பற்றி ஒரு பத்தி போதும். உரிமம் பெற விண்ணப்பித்திருப்பதையும், மதிய வேளையில் மணியைத் தனியே விட்டுப் போகாமல் பெரியவர் உடன் இருப்பார் என்பதையும், காலையில் பள்ளிப் பிள்ளைகள் இறங்கும் அரை மணி நேரம் மின்தூக்கியில் நாயை ஏற்றுவதில்லை என்பதையும், கழிவை எடுக்கும் பை எப்போதும் கையில் இருக்கும் என்பதையும் முன்னால் எழுத வேண்டும் என்று முடிவாயிற்று. மணியைக் கண்டு பயந்த குழந்தையின் வீட்டுக்குக் கடிதம் போவதற்கு முன் மருமகள் நேரில் போய்வருவதாக ஒப்புக்கொண்டார். வேறு வீடு பார்க்கும் பேச்சை அவர் அதன்பின் எடுக்கவில்லை.

புறப்படும் சமயத்தில் பெரியவர் தயங்கித் தயங்கி முதியவரிடம் கேட்டார்: "எங்கள் வீட்டில் நாய் இருக்கிறது. அது படுக்கும் விரிப்புகளை இங்கே வெளுத்துத் தருவீர்களா?"

"தருவோம், ஐயா. தனி மூட்டையாகக் கட்டி, இன்னது என்று சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். மற்றவர் துணி முடிந்தபின் கடைசியாகப் போட்டுக் கல்லைக் கழுவிவிடுவேன். சொல்லாமல் கலந்து கொடுத்தால்தான் எங்களுக்கு வருத்தம்."

வியாழக்கிழமை கொண்டுவருகிறேன் என்றார் பெரியவர்.